பாதை திறந்த பிறகு: ஏ9 வீதியில் ஆறு நாட்கள்

முதலாம் நாள்: கண்டி முதல் மாத்தளை வரை

கண்டியில் இரவுப் பேருந்தில் ஏறிக் கண்ணயர்ந்தால் விடியும் முன்னரே யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம். 321 கிலோமீற்றர் நீளமான ஏ9 வீதியைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் இப்படித்தான் கடந்து வருகிறேன்; பாதி வழி உறக்கத்திலும் மீதி வழி தொலைபேசித் திரையிலும் கழிந்துவிடும். கொடிகாமத்தில் பிறந்து, போரால் இதே வீதி பூட்டப்பட்டிருந்த காலத்தில் எட்டு வயதில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து வெளியேறிய எனக்கு இது கொஞ்சம் வெட்கமான செய்திதான். ஆகவே இம்முறை ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் ஓடும் சாதாரணப் பேருந்துகளில், பகல் வெளிச்சத்தில், இறங்கி இறங்கிப் போவதென்று புறப்பட்டிருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுவதாக எண்ணம்.

இந்த வீதிக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. அரசாங்கப் பதிவில் அது ஏ9. யாழ்ப்பாணத்தவர்களுக்கு அது கண்டி வீதி. வவுனியா நகரில் தெற்கே போவது கண்டி வீதியாகவும் வடக்கே போவது யாழ் வீதியாகவும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். வன்னியில் கொஞ்சம் வயதானவர்கள் பெயரே சொல்வதில்லை. "பாதை" என்று மட்டும் சொல்வார்கள். பாதை பூட்டினபோது பிறந்த பிள்ளை, பாதை திறந்த பிறகு கட்டின வீடு என்று அவர்களுடைய நாட்காட்டியே அதை வைத்துத்தான் ஓடுகிறது. வீதிகள் ஊர்களை மாற்றுகின்றன என்று சொல்லும்போது நாம் வழக்கமாகப் புதிய வீதி போடப்படுவதையே நினைக்கிறோம். இங்கே ஒரே வீதி பல தடவை பூட்டப்பட்டும் திறக்கப்பட்டும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஊர்கள் வேறு வேறு விதமாக மாறியிருக்கின்றன. அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

மாத்தளையில் இறங்கியதும் முதலில் முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போனேன். 1874ஆம் ஆண்டு கட்டப்பட்ட இக்கோவில் பிரதான வீதியின் ஓரத்திலேயே நிற்கிறது, அது தற்செயலானது அல்ல. 1830களில் மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியபோது, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கிய தொழிலாளர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தார்கள். கொள்ளைநோயிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பி நடந்தவர்கள் ஆதலால், ஒரே ஆள் இந்த வழியைப் பல தடவை உயிரைப் பணயம் வைத்துக் கடந்திருக்கிறான். காடு முடிந்து முதலில் கண்ணில்படும் பெரிய ஊர் மாத்தளை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் அம்மனுக்கு முன்னால் விழுந்து எழுந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் யாழ்ப்பாணம் வரை போவதாகச் சொன்னேன். "எங்க பாட்டன் பூட்டனெல்லாம் நடந்தே வந்த ரோடுங்க இது" என்றார் அவர். "அவங்க அங்கிட்டிருந்து இங்கிட்டு வந்தாங்க. எங்க சித்தப்பா குடும்பம் எழுபத்தேழுல இங்கிட்டிருந்து அங்கிட்டு ஓடிச்சு. கிளிநொச்சியில இருக்காங்க." இந்தச் சில வாக்கியங்களுக்குள் நூற்றைம்பது ஆண்டுகள் அடங்கியிருந்தன. கிளிநொச்சி போகும்போது இதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டாம் நாள்: தம்புள்ளை, மதவாச்சி

தம்புள்ளை என்றால் வெளிநாட்டவர்களுக்குக் குகைக் கோவில். இந்த வீதியில் ஓடும் லொறிக்காரர்களுக்கு மரக்கறிச் சந்தை. 1999இல் தொடங்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் வீதியோரத்திலேயே இருக்கிறது. நுவரெலியாவின் கரட்டும் லீக்சும் வடக்கே போகவும், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் பீட்ரூட்டும் தெற்கே வரவும் நடுவில் கைமாறும் இடம் இது. நாட்டாமைகள் முதுகில் மூட்டையுடன் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள். ஒதுங்கி நிற்பதற்கு ஓர் அடி இடம் கிடைப்பதில்லை.

கோப்பாய்ப் பக்கத்து வெங்காயத்தை இறக்கிவிட்டுக் கத்தரிக்காய் ஏற்றக் காத்திருந்த சாரதி ஒருவர் தேநீர் வாங்கித் தந்தார். பாதை பூட்டியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் விளைந்ததை யாழ்ப்பாணத்திலேயே தின்று தீர்க்க வேண்டியிருந்தது என்றும், விளைச்சல் கூடினால் விலை அடிமட்டத்துக்குப் போய்விடும் என்றும் சொன்னார். இப்போது நல்லதுதானே என்று கேட்டேன். "நல்லதுதான், தங்கச்சி. ஆனா இப்ப தோட்டக்காரன் விடிய எழும்பி வானத்தைப் பாக்கிறதில்லை, தம்புள்ளைக்குப் போன் எடுக்கிறான்." இங்கே விலை விழுந்த அன்றே, ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்திலும் விலை விழுந்துவிடுகிறது. தெற்கின் மரக்கறி வடக்கில் வந்து குவியும் வாரங்களில் அங்குள்ள விவசாயிகள் நொந்துகொள்வதும் இதனால்தான். பூட்டிய பாதை அவர்களைப் பட்டினி போட்டது உண்மை. அதே பூட்டு அவர்களுக்கு ஒரு வேலியாகவும் இருந்ததென்பதை வேலி போன பிறகுதான் உணர்ந்தார்கள்.

மிகிந்தலையைப் பேருந்தின் யன்னல் வழியே கும்பிட்டதோடு சரி. மதவாச்சியில் இறங்கினேன். மன்னாரிலிருந்து வரும் வீதி சேரும் சந்தி இது. நேற்று எழுதிய கோப்பித் தொழிலாளர்கள் தெற்கே திரும்பிய இடம். என் தலைமுறைக்கு மதவாச்சி வேறொன்று. 2008இல் நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தேன். வவுனியாவில் இருந்த மாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இங்கே எல்லோரும் பயணப்பைகளோடு இறங்கி, வரிசையில் நடந்து, சோதனை முடிந்து, மறுபக்கத்தில் நிற்கும் வேறு பேருந்தில் ஏற வேண்டும். லொறிகளின் பொருட்களும் அப்படித்தான் இறக்கி மாற்றி ஏற்றப்பட்டன. மாமி தந்துவிட்ட பச்சரிசிப் பொதிக்குள் நீண்ட கம்பி ஒன்று இறங்கி ஏறியது. அது போட்ட துளையால் அரிசி கசிந்து, விடுதி அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பயணப்பையின் அடியில் ஒரு சுண்டு அரிசி கிடந்தது. அதைப் பொறுக்கிச் சேர்த்துப் பொங்கல் வைத்தோம். இன்று அந்த இடம் எதுவென்று என்னால் அடையாளம் காண முடியவில்லை. கேட்டதற்கு ஒரு கடைக்காரர் கையைப் பொதுவாக வீதியின் மேல் வீசிக் காட்டினார்.

மூன்றாம் நாள்: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம்

வவுனியா காத்திருந்தவர்களின் ஊர். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கிய பிறகு வடக்கே போக வந்தவர்களும் தெற்கே போக வந்தவர்களும் இங்கே தேங்கினார்கள். அனுமதிப் பத்திரத்தை எல்லோரும் "பாஸ்" என்றே சொல்வோம். பாஸ் கிடைக்கும்வரை தங்குவதற்கு விடுதிகள் முளைத்தன. விடுதிகளை நம்பிச் சாப்பாட்டுக் கடைகளும், படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களும், ஒளிப்படம் எடுக்கும் கடைகளும், தொலைபேசி நிலையங்களும் வந்தன. நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கனடாவுக்குப் பேசி அழுதவர்களை நான் சிறுமியாக இருந்து பார்த்திருக்கிறேன். 2009இல் செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டபோது, உறவுகளைத் தேடி வந்தவர்களால் அதே விடுதிகள் மறுபடி நிரம்பின. இன்று நான் தங்கிய விடுதியில் பதினான்கு அறைகள். என்னைத் தவிர ஒரு மருந்துப் பிரதிநிதி மட்டும்தான். முதலாளி குறைப்படவில்லை. மேல்மாடியைத் தனியார் வகுப்புக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டாராம்.

காலை ஒன்பது மணிக்கு ஓமந்தையில் இறங்கினேன். இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பிய இடங்களில் முதலாவது இதுதான், அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று எல்லோரும் சொன்ன போதிலும்.

2002 பெப்ரவரி 22 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான காலத்தில் பாதை திறந்தபோது, அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் கடைசி முனை ஓமந்தை. இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பைகளைத் திறந்து, மூடி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி பறக்கும் சூனியப் பகுதியைக் கடந்தால் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடி. அங்கே மறுபடி பதிவு, மறுபடி சோதனை, கொண்டுபோகும் பொருளுக்கும் வாகனத்துக்கும் வரி. வடமுனையில் பளையிலும் முகமாலையிலும் இதே சடங்கு தலைகீழ் ஒழுங்கில் நடக்கும். ஒரே நாட்டுக்குள் ஒரே வீதியில் நான்கு தடவை இறங்கி ஏறிய அந்தப் பயணத்தை, பன்னிரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பாதை திறந்த மகிழ்ச்சியில், திருவிழாவுக்குப் போவதுபோல் போனோம். 2006 ஆகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை மூண்டதோடு அது நின்றது. போர் முடிந்து பொதுமக்களுக்கு மறுபடி திறந்த பிறகும் ஓமந்தைச் சாவடி மட்டும் நெடுநாள் இருந்தது. 2015 ஆகஸ்டில்தான் எடுக்கப்பட்டது.

இப்போது அங்கே புல் மண்டிய வெளி. பாதி மண் மூடிய கொங்கிரீட் தளத்தின் மேல் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. எதிர்ப்பக்கத்தில் தரப்பாளுக்குக் கீழே வத்தகப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சாவடிக் காலத்தில் இதே இடத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தவர். ஒரு நாளைக்கு எத்தனை பேருந்து நின்றது, வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்கு எந்த பிஸ்கட் பிடிக்கும், எந்த நேரத்தில் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. பாணும் வடையும் தேநீரும் விற்று மூத்த மகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார்.

"சாவடி எடுபட வேணுமெண்டு கும்பிட்டனாங்கள்தான், பிள்ளை. சனம் வெயிலுக்கை நிண்டு படுற பாட்டைப் பாத்தால் ஆர்தான் கும்பிடாமல் இருப்பான்? எடுத்தாங்கள். அடுத்த மாசமே பாண் பெட்டியைப் பேக்கரிக்காரனிட்டைத் திருப்பிக் குடுத்தன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வருந்துகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரே சொன்னார். "வருத்தமெண்டில்லை. கடை போனது வருத்தம். சாவடி போனது சந்தோசம். ரெண்டும் ஒரே நாளிலை வந்தது, அவ்வளவுதான்." பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் எங்களைக் கடந்து போன வாகனங்களை எண்ணிக் களைத்துவிட்டேன், பழம் வாங்க நின்றது ஒரேயொரு முச்சக்கரவண்டி. வழவழப்பான இந்தக் காப்பெற் வீதியில் ஓமந்தை என்ற பெயர்ப்பலகை கண்ணில்பட்டு மறைய சில விநாடிகள் போதும்.

போர்க்காலச் சாவடியைச் சுற்றி ஒரு சிறு பொருளாதாரம் வளர்ந்து, சமாதானத்தில் அது அழிந்ததை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. சாவடி இருந்திருக்கலாம் என்று யாரும் இதை வாசித்துவிடக் கூடாது. ஆனால் வீதி திறந்ததால் வென்றவர்களின் கணக்கில் இந்தப் பெரியவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று புளியங்குளம் வரையும் யோசித்துக்கொண்டே போனேன். புளியங்குளத்திலும் அதே கதைதான். அங்கே யானைகள் இரவில் வீதிக்கு வருவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

நான்காம் நாள்: மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி

முல்லைத்தீவுக்கு வீதி பிரியும் மாங்குளச் சந்தியில் இன்று வங்கிகளும் வன்பொருள் கடைகளும் நிற்கின்றன. இந்த வீதியைத் திறப்பதற்கென்றே 1997 மே 13 அன்று வவுனியாவிலிருந்து "ஜயசிக்குறு" என்ற படை நடவடிக்கை தொடங்கப்பட்டது. பதினெட்டு மாதங்களுக்கு மேல் நடந்தும் கிளிநொச்சி வரை வீதி திறபடவில்லை. 1998 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மடிந்தார்கள். அக்காலத்தில் வீதியோரத்து ஊர்கள் உள்காட்டுக்கு இடம்பெயர்ந்தன. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கனகராயன்குளத்தில் தன் வீடு இருந்த இடத்தைக் காட்டினார்; அங்கே இப்போது பெரிய மரமொன்று நிற்கிறது. வீதியோரக் காணி என்றால் முன்பு பெருமை, போரில் அதுவே முதலில் அழிந்தது, இப்போது விலையில் அதுதான் முதலாவது என்று சொல்லிவிட்டு, விற்கவா வேண்டாமா என்று என்னிடமே ஆலோசனை கேட்டார்.

முறிகண்டியில் நிற்காத வாகனம் இல்லை. ஏ9 வீதியில் எல்லாம் மாறிய பிறகும் மாறாதிருக்கும் ஓரிடம் இந்தச் சின்னஞ்சிறு பிள்ளையார் கோவில். சாரதி இறங்கித் தேங்காய் உடைக்கிறார், கற்பூரம் கொளுத்துகிறார். பயணிகள் கச்சான் வாங்குகிறார்கள். சிங்களச் சாரதிகளும் நிறுத்துகிறார்கள். கச்சான் கடைகளில் பெரும்பாலும் பெண்கள். தலைக்கு மேலே தகரம், முன்னால் மணலில் வறுபடும் கச்சான், ஒவ்வொரு பேருந்து நிற்கும்போதும் ஒரே குரலில் எழும் கூவல். வேகமான வீதியால் வழியோரத்து ஊர்களெல்லாம் வாடிக்கையாளரை இழந்தபோது இந்த ஐம்பது மீற்றர் மட்டும் பிழைத்திருப்பது எப்படி? பிள்ளையாரைத் தாண்டிப் போக யாருக்கும் துணிவில்லை என்பதே நான் கண்ட காரணம். இதைச் சொன்னதும் கச்சான்காரப் பெண் ஒருவர், "எங்களுக்கு அவர்தான் சோதனைச்சாவடி, அக்கா" என்றார். நேற்றைய பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

கிளிநொச்சியில் மாத்தளைப் பூக்காரம்மா சொன்ன முகவரி சரியாக இருந்தது. இரணைமடுக் குளத்தை நம்பி 1930களில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தவர்கள் இங்கே வந்து காடு வெட்டிக் கழனியாக்கினார்கள். பின்னர் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குத் தப்பிய மலையகத் தமிழர்கள் இதே வீதி வழியே வந்து, வயல்களில் கூலிவேலை செய்து, வீதியிலிருந்து உள்ளே தள்ளிய பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற இடங்களில் குடியேறினார்கள். பாட்டன்மார் நடந்த வழியில் பேரர்கள் திரும்பி வந்தார்கள். காணி உறுதி இல்லாமல் பல பத்தாண்டுகள் இருந்தவர்கள் பலர். நான் சந்தித்த குடும்பத்தில் மூத்தவருக்கு இன்னும் மாத்தளைப் பேச்சு மாறவில்லை. பேத்தி சுத்தமான வன்னித் தமிழில் அவரைக் கேலி செய்தாள்.

2009 ஜனவரி 2 அன்று படையினர் நகரைக் கைப்பற்றியபோது கிளிநொச்சியில் கூரையுள்ள கட்டடங்கள் அரிது. தகர்த்து வீழ்த்தப்பட்ட தண்ணீர்த் தாங்கி நெடுங்காலம் வீதியோரத்தில் கிடந்து, தெற்கிலிருந்து வருபவர்களுக்குக் காட்சிப்பொருளாக இருந்தது. சீனக் கடனுதவியில் வீதி புதுப்பிக்கப்பட்டதும், வீடுகள் முழுதாக எழுவதற்கு முன்னரே, வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் வரிசையாகக் கண்ணாடிக் கதவுகளோடு வந்தன. கடன் கொடுக்க ஆள் வந்தது வேகமாக, வேலை கொடுக்க ஆள் வந்தது மெதுவாக. தவணை முறையில் வாங்கிய உழவு இயந்திரத்தைப் பறிகொடுத்த கதைகளை இரண்டு வீடுகளில் கேட்டேன்.

மாலையில் ஓர் அருமையான காட்சி கண்டேன். காலபோக அறுவடைக் காலம் ஆதலால், வீதியின் ஒரு கரை நெடுகிலும் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஈர நெல்லை மில்லுக்குக் கொடுத்தால் விலை குறையும். வீட்டு முற்றமோ மண். வெயிலில் சுட்டுக் கிடக்கும் காப்பெற்றைவிட நல்ல களம் கிடைக்காது. வீதியின் வெள்ளைக் கோட்டுக்கு இப்பால் நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமலிருக்கச் செங்கல்லும் மரக்குற்றியும் ஒரு பழைய ரயரும் வரிசையாக வைத்து, வெறுங்காலால் நெல்லைக் கோலமிடுவதுபோல் கிளறிக்கொண்டு ஒரு பெண் நடந்தார். கொள்கலன் லொறி ஒன்று ஹோனை அலறவிட்டு அவருடைய சேலைத் தலைப்பைப் பறக்கவிட்டுப் போனது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்படி நெல் பரப்புவது ஆபத்து, இரவில் விபத்துகள் நடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். வீதியில் படுக்கும் மாடுகளாலும் அப்படித்தான். ஆனாலும் நாடு முழுவதற்குமாகப் போடப்பட்ட வீதியில் தன் நாலு ஏக்கருக்கு வேண்டிய பங்கை அவர் எடுத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஐந்தாம் நாள்: ஆனையிறவு, முகமாலை, கொடிகாமம்

பரந்தனைத் தாண்டியதும் நிலம் மெலிந்து இரு பக்கமும் நீர் வந்துவிடுகிறது. யாழ் குடாநாட்டைப் பெருநிலத்தோடு பிணைக்கும் இந்த ஒடுங்கிய நிலத்துண்டை வைத்திருப்பவர் கையில்தான் குடாநாட்டின் கதவு என்பதால், இங்கே நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. 2000 ஏப்ரல் 22 அன்று புலிகளிடமும் 2009 ஜனவரி 9 அன்று படையினரிடமும் ஆனையிறவு கைமாறியது. படையினரின் வெற்றிச் சின்னத்தைப் பார்க்கத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அங்கே நின்று அழுவதற்கு வேறு சிலருக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அவர்கள் இறங்குவதில்லை. 1990இல் நின்றுபோன உப்பளம் இப்போது மறுபடி இயங்குகிறது. பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது.

முகமாலையில் தென்னைகள் இன்னும் இளமையாகவே இருக்கின்றன. பழைய தோப்புகள் ஷெல்லில் தலையிழந்து மொட்டையாய் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்த இளமையின் பொருள் விளங்கும். இரு தரப்பின் காவலரண்களும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்ற இந்த இடத்தில் மிதிவெடிகள் மிக அடர்த்தியாகப் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றை அகற்றும் பணியில் உள்ளூர்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டுவதே அவர்களுடைய தினசரி உழைப்பு. வீதி திறந்தாலும் வீதியிலிருந்து முப்பது அடி உள்ளே போக முடியாத ஊர்கள் இப்பகுதியில் நெடுநாள் இருந்தன. பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு அது திறந்த பாதை. காணிக்காரர் கண்ணுக்கு, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் நின்ற சொந்த வீடு.

நான்கு மணிக்குக் கொடிகாமம் வந்துவிட்டேன். ஐந்து நாட்களாக நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் அம்மா கோபத்தோடு இருந்தார். சாப்பிட்ட பிறகு கிளாலியைப் பற்றிக் கேட்டேன். ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்ததால் வீதி பூட்டு. ஆகவே இரவில், விளக்கில்லாமல், கிளாலிக் கரையிலிருந்து படகுகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து இழுத்துப் போவார்கள். கடற்படையினரின் தாக்குதலில் அந்த நீரில் உயிரிழந்தவர்கள் பலர். 1992இல் நாங்கள் போன இரவில் எனக்கு நினைவிருப்பது நனைந்த பாவாடையும் அம்மாவின் உள்ளங்கையும்தான். அந்த உள்ளங்கை என் வாயை மூடியிருந்தது. "நீ அழுவாய் எண்டு பயந்தன். நீ அழேல்லை. கடிச்சுப்போட்டாய்" என்றார் அம்மா. கட்டைவிரலின் அடியிலிருந்த தழும்பைக் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அதைக் கத்திக் காயம் என்று நினைத்திருந்தேன்.

ஆறாம் நாள்: சாவகச்சேரி, நாவற்குழி, யாழ்ப்பாணம், திரும்புகை

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சிதைந்த சாவகச்சேரியில் சந்தை களைகட்டியிருந்தது. மாம்பழக் காலம் இன்னும் வரவில்லை என்பதால் அதிகம் நிற்கவில்லை.

நாவற்குழிப் பாலத்தில் இறங்கி நடந்தேன். 1995 அக்டோபர் 30 அன்று படையினர் யாழ் நகரை நெருங்கியபோது, புலிகள் விடுத்த அறிவித்தலின்படி, லட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், கொட்டும் மழையில், இந்த ஒடுங்கிய வீதியால் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். ஓர் அடி வைக்கப் பல நிமிடங்கள் ஆனதாகவும், குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் குடையை விரித்து மழையை ஏந்தியதாகவும் பெரியம்மா சொல்வார். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். முதல் வெளியேற்றத்தை நாங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தோம் என்று அம்மா நேற்றிரவு சொன்னார். அடுத்தது வந்தபோது பார்த்துக்கொண்டு நிற்க யாரும் மிஞ்சவில்லை. பாலத்தைத் தாண்டினால், மனிதப் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்ட செம்மணி. அதைப் பற்றி இந்தப் பதிவில் எழுத எனக்கு இன்று தெம்பில்லை.

யாழ் நகரில், பொருட்தடைக் காலத்துப் பழைய திருத்தகம் ஒன்றுக்குப் போனேன். பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் ஒஸ்ரின் கேம்பிரிஜ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் இவர்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விட வேண்டும். அதற்குப் பழைய சேலைன் குழாயோ சம்போ போத்தலோ போதும். பெரியவர் அதைச் செய்துகாட்ட ஆசைப்பட்டார், கார்தான் இல்லை. சயிக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது, ஜாம் போத்தலில் விளக்குச் செய்தது எல்லாம் இந்த நகரத்தின் பெருமைக் கதைகளாக இன்னும் சொல்லப்படுகின்றன. உள்ளூரில் அப்போது முளைத்த சவர்க்காரக் கைத்தொழிலும் வேறு சிறு தொழில்களும் பாதை திறந்து லொறிகள் வந்ததும் ஒவ்வொன்றாக மூடின. திருத்தகத்துப் பெரியவர் இப்போது மோட்டார் சைக்கிள்களுக்கு எண்ணெய் மாற்றுகிறார். உதிரிப்பாகம் எல்லாம் கொழும்பிலிருந்து மறுநாளே வந்துவிடுவதால் எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை என்றார். குறையாகத்தான் சொன்னார்.

இரவு எட்டு மணிக்குக் கண்டிப் பேருந்து. இதை அதிலிருந்துதான் எழுதுகிறேன். பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா. பேராதனை மருத்துவமனையில் பேரனைப் பார்க்கப் போகிறார். முறிகண்டியில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இறங்கிக் கும்பிட்டு ஏறினோம். கச்சான் வாங்கித் தந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்கள். மாங்குளமும் புளியங்குளமும் சில தெருவிளக்குகளாக வந்து போயின.

ஓமந்தை வருவதற்குச் சற்று முன்பு அவர் தானாக விழித்துக்கொண்டார். கைப்பையைத் திறந்து, சின்னத் துணிப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து அடையாள அட்டையை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேருந்து வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. வவுனியா நகரத்து விளக்குகள் தெரிந்ததும் அட்டையைத் துணிப்பைக்குள் வைத்து, துணிப்பையைக் கைப்பைக்குள் வைத்து, இழுவையை மூடிவிட்டு மறுபடி கண்களை மூடிக்கொண்டார்.